பொய்ச் சண்டைக்கு மெடல்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். அவனோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர். சாம்பல் நிறத்தில் பழைய பட்டாளத்து உடுப்பு, நீளத் துப்பாக்கி, நெஞ்சில் வரிசையாக மெடல்.

"எந்தச் சண்டைக்குப் போனாராம்?"

"சண்டையெல்லாம் இல்ல மாமா. 1861லேர்ந்து 65 வரைக்கும் அங்க நடந்த உள்நாட்டுப் போர லீவு நாள்ல நடிச்சுக் காட்டுற குழு. இத்தன முகாமுக்கு வந்தா ஒரு மெடல், இத்தன வருஷம் இருந்தா ஒரு மெடல்."

வெடிமருந்து உண்டு, குண்டு கிடையாது. செத்து விழுந்தவர் எழுந்து தூசி தட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறார். விளையாட்டுதானே, விட்டுவிடு என்பீர்கள். எப்படி விடுவது? அந்தச் சாம்பல் உடுப்பு, மனுசரை விலைக்கு விற்கும் உரிமையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை உடுப்பு.

எதிரே நீல உடுப்பில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் நின்றார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 பிடித்தம். சமமாகக் கொடுக்காத கூலி வேண்டாமென்று 54ஆம் மாசசூசெட்ஸ் படையினர் சம்பளத்தைத் தொடாமலே சண்டை போட்டார்கள். அந்தப் படையின் வில்லியம் கார்னி அடிமையாகப் பிறந்தவர். 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டையில் கொடிக்காரன் விழ, கொடியைப் பிடித்துக்கொண்டு குண்டடிபட்ட உடம்போடு திரும்பினார். அதற்கான மெடல் வந்தது 1900 மே மாதம். முப்பத்தேழு வருஷம்!

அதே 1900 ஏப்ரலில், அடிமை முறைக்காகச் சண்டை போட்ட கிழவர்களுக்குத் தென்னாட்டுப் பெண்கள் சங்கம் 'சதர்ன் கிராஸ்' மெடலைக் குத்திவிட ஆரம்பித்தது. தோற்ற படைக்கு! 1977இல் அவர்களின் வாரிசு ஆண்கள் சங்கம் செத்துப்போனவர்களுக்கும் ஒரு மெடல் உண்டாக்கியது.

தளபதி பட்லர் கதை இன்னும் மோசம். 1864இல் நியூ மார்க்கெட் ஹைட்ஸில் சண்டை போட்ட கறுப்புச் சிப்பாய்களுக்குத் தன் சொந்தக் காசில் வெள்ளி மெடல் அடித்துக் கொடுத்தார். ராணுவம் அதை ஏற்கவில்லை. அவர் பதவி போனதும் உடுப்பில் குத்தக் கூடாதென்றார்கள். ரத்தம் சிந்தினவன் குத்தத் தடை, நடிக்கிறவன் நெஞ்சில் இடமில்லை.

1989இல் வந்த 'குளோரி' படத்துக்குப் பிறகு கறுப்பர்களும் 54ஆம் படையாக உடுப்புப் போட்டு நிற்கிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் எழுத மாட்டேன். பள்ளிக்கூடப் புத்தகம் மறைத்ததை உடம்பால் சொல்கிறவர்கள் அவர்கள்.

எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போய் வந்தவர். ஆறுமுனை நட்சத்திர மெடல் ஒன்று தகரப் பெட்டியில் கிடந்தது. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த மனுசன், ஒரே ஒருநாள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போனாராம். "என்னடா அது, மாட்டுக்குக் கட்டுற மணியா?" என்று திண்ணையில் இருந்து கேட்டார்களாம். பிறகு அவர் குத்தவே இல்லை. அம்மாச்சிதான் வருஷத்துக்கொருமுறை புளி போட்டுத் தேய்த்து வைப்பாள்.

அக்கா மகன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இத ஃபோட்டோ எடுத்து அவருக்கு அனுப்பட்டுமா மாமா?"ன்னான்.

"அனுப்பு. அப்படியே கேளு, கார்னியோட மெடலப் பத்தி அவங்க முகாம்ல யாராவது பேசியிருக்காங்களான்னு."