லயத்துப் பிள்ளைக்கும் ஒரு தோல் பந்து

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனால் எஸ்டேட் மைதானங்களில் கூட்டம் கூடிவிடுகிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களில் கொழுந்து பறிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு வட்டாரங்களில் கூலி வேலை செய்யும் தமிழர் வீட்டுப் பையன்களும் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகும் வீடு திரும்பாத மகனைப் பார்த்து, "இந்தப் பந்தா நாளைக்குச் சோறு போடப் போகிறது?" என்று தாயார் கேட்பதும் வழக்கம்தான்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே கேள்வியைச் சேலம் மாவட்டத்தில் ஒரு கிராமமும் ஒரு காலத்தில் கேட்டிருக்கும். அதற்குக் கிடைத்த பதில் என்ன என்பதை எல்லையோரத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் 1991-ல் பிறந்தவர். தந்தை தறியில் கூலிக்கு உழைத்தவர். தாயார் சாலையோரத்தில் கோழிக் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். இருபது வயதை எட்டும் வரை அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்தான்.

டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு என்று ஒரு கணக்கு உண்டு. மைதானம் சிறியது. பந்து இலேசானது. எட்டிய பந்தையெல்லாம் மட்டைக்காரன் தூக்கி அடித்துவிடுவான். அவனைக் கட்டிப்போட ஒரே வழி, அவன் கால் விரல் அருகே பந்தைக் குத்தி இறக்குவது. அதுதான் யார்க்கர். அந்த யார்க்கரையே நடராஜன் தமது தொழிலாக்கிக் கொண்டார். பெரிய மைதானங்களில் பயிற்சி பெற்றவர்கள் ஓவருக்கு ஒன்று போடத் திணறும் பந்தை, இவர் வரிசையாக ஆறும் போடக் கற்றார்.

இப்படிக் கற்றது நடராஜன் மட்டுமல்ல. பாகிஸ்தானின் தெருக்களில் டென்னிஸ் பந்தின்மேல் மின்சார டேப்பைச் சுற்றி ஆடுகிறார்கள். அந்த டேப் பந்திலிருந்துதான் அந்நாட்டின் வேகப் பந்து வீச்சாளர்கள் பலர் கிளம்பினார்கள். லாகூரைச் சேர்ந்த வாசிம் அக்ரம், தேர்வு முகாம் ஒன்றில் ஜாவேத் மியாண்டாதின் கண்ணில் பட்டார். 1985-ல் பதினெட்டு வயதில் நியூஸிலாந்தில் டெஸ்ட் அணிக்குள் நுழைந்து, தமது இரண்டாவது டெஸ்டிலேயே 10 விக்கெட்டுகளைச் சாய்த்தார். டெஸ்டில் 414, ஒருநாள் ஆட்டங்களில் 502 விக்கெட்டுகள் என்ற கணக்கோடு விடைபெற்றார். டேப் பந்து ஆடிக் கிடைத்த பணத்தில் படிப்புச் செலவைச் சமாளித்த ஹாரிஸ் ரவூப், 2017-ல் லாகூர் கலந்தர்ஸ் அணி குஜ்ரன்வாலாவில் நடத்திய பொதுத் தேர்வுக்குப் போனார். 2020 ஜனவரியில் பாகிஸ்தான் அணியில் ஆடினார்.

இந்த இரண்டு பேரிடமும் பொதுவாகக் காணப்படுவது திறமை மட்டுமா? இல்லை. ஒருவரை ஒரு மூத்த ஆட்டக்காரர் கவனித்தார். மற்றவருக்குச் சிபாரிசு கேட்காத ஒரு தேர்வு நடந்தது. கவனிக்கும் கண்ணும் திறந்த கதவும் இல்லாவிட்டால் அக்ரமும் லாகூர்த் தெருவோடு நின்றிருப்பார்.

நடராஜனுக்கு அந்தக் கண்ணாக வாய்த்தவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். பையனைச் சென்னைக்கு அனுப்பி வைக்க முன்னின்றவர் அவர்தான். லீக் ஆட்டத்தில் நான்காம் டிவிஷனில் தொடங்கிய நடராஜன் படிப்படியாக முதல் டிவிஷனுக்கு ஏறினார். பிற்காலத்தில் புகழ் வந்தபோதும் தம் சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று அண்ணனின் பெயரையும் சேர்த்தே போட்டுக்கொண்டார். நன்றி மறவாத குணம் அது.

2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். அந்த ஒரே ஆட்டத்தோடு இடி விழுந்தது. பந்து வீசும் முறை சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்று புகார் எழுந்தது. வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. இலேசான பந்துக்கு வேகம் கூட்டுவதற்காகச் சிறு வயதில் கையைச் சுண்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆபத்து. பயிற்சியாளர்களின் துணையோடு கையையும் ஓட்டத்தையும் முதலிலிருந்து திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊருக்குத் திரும்பித் தறியில் உட்காராமல் அந்தக் காலத்தைத் தாண்டியதுதான் நடராஜனின் உண்மையான வெற்றி.

அதற்குப் பிறகு 2016-ல் டி.என்.பி.எல். போட்டியில் திண்டுக்கல் அணிக்கு வீசிய யார்க்கர்கள் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் அந்த ஆண்டு பந்து சரியாக விழவில்லை. அடுத்த ஆண்டு ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்தது. காத்திருந்தவருக்கு 2020-ல் கதவு திறந்தது. அவ்வாண்டு 16 விக்கெட்டுகள். நவம்பர் 6-ந் தேதி அபுதாபியில் டிவில்லியர்ஸ் என்ற மாபெரும் ஆட்டக்காரரின் ஸ்டம்பை யார்க்கரால் பெயர்த்ததை உலகமே கண்டது.

அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது வலைப் பயிற்சியில் பந்து போடத்தான். ஒருவர் பின் ஒருவராக இந்திய ஆட்டக்காரர்கள் காயத்தில் விழ, டிசம்பர் 2-ல் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4-ல் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் டெஸ்ட் என்று மூன்று வகை ஆட்டத்திலும் ஒரே பயணத்தில் அடியெடுத்து வைத்த முதல் இந்தியர் ஆனார். அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் சதமடித்த லபுஷேன் உட்பட மூவரை வீழ்த்தினார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோல்வியே காணாத மைதானத்தில் ஜனவரி 19-ல் இந்தியா வென்றது. சின்னப்பம்பட்டி அவரை ரதத்தில் ஏற்றி வரவேற்றது.

கதையை இதோடு முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். அவ்வாண்டு ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. 2021 மார்ச் முடிய அவரது சர்வதேசக் கணக்கு 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 இருபது ஓவர் ஆட்டங்கள், மொத்தம் 13 விக்கெட்டுகள். வேகப் பந்து வீச்சு உடம்பை அரைத்து எடுக்கும் தொழில். ஆகவே, "பந்து சோறு போடுமா?" என்ற தாயின் கவலையை எள்ளி நகையாடுவதற்கில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மைதானமே கதி என்று கிடக்கும்படி எந்தப் பையனுக்கும் யோசனை சொல்லக் கூடாது.

ஆனாலும் நடராஜன் செய்த இன்னொரு காரியத்தைப் பார்க்க வேண்டும். சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரிலேயே கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து அதைத் திறந்து வைத்தார். அந்த மைதானம் வருவதற்கு முன்பே அதே ஊர்க்காரர் ஜி. பெரியசாமி, 2019 டி.என்.பி.எல். இறுதி ஆட்டத்தில் 5 விக்கெட்டுகளை வீழ்த்திச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்திருந்தார். ஓர் ஊரிலிருந்து ஒருவர் வந்தால் அதிசயம் என்று சொல்லலாம். இரண்டாவது ஆளும் வந்துவிட்டால் அதற்குப் பெயர் வாய்ப்பு.

அந்த வாய்ப்பு மலைமேல் இருக்கும் லயங்களுக்கு ஏன் எட்டக் கூடாது? இடுக்கி மாவட்டம் கிரிக்கெட்டுக்குப் புதியதல்ல. தொடுபுழாவில் கேரள கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான சச்சின் பேபி தலைமையில்தான் கேரளம் 2025-ல் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. ஆனால் தொடுபுழா கீழ்நாட்டில் இருக்கிறது. மூணாறிலிருந்தோ வண்டிப்பெரியாறிலிருந்தோ ஒரு பையன் காலைத் தேர்வுக்கு அங்கே போய்ச் சேர வேண்டுமானால் முதல் நாளே பஸ் ஏற வேண்டும். கூட ஒரு பெரியவர் போக வேண்டும். அந்தப் பெரியவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். திறமை தோற்பது மைதானத்தில் அல்ல, பஸ் நிலையத்தில்தான்.

ஆகவே இடுக்கி, பாலக்காடு மாவட்ட கிரிக்கெட் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது மூணாறிலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் இளைஞர் தேர்வை நடத்த வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் எழுதி எஸ்டேட் ஆபீஸ் பலகையில் ஒட்ட வேண்டும். பந்து வீசும் பையன்களின் கையைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே ஒரு பயிற்சியாளர் பார்த்துத் திருத்தினால், நடராஜன் இருபத்து மூன்று வயதில் பட்ட துன்பத்தைத் தவிர்க்கலாம். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஆளுக்கு ஒரு வலையும் சில தோல் பந்துகளும் வாங்கித் தருவதால் நொடித்துப் போய்விட மாட்டார்கள்.

தமிழர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வயதுவாரி ஆட்டங்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றும் கேட்கிறார்கள். லயத்து வீடுகளில் பெயர் ஒன்றாகவும் பதிவு வேறாகவும் இருப்பது உண்டு. அதைப் பஞ்சாயத்து ஆபீசில் திருத்தி வாங்கவும், மலையாளத்தில் வரும் விண்ணப்பத்தை நிரப்பித் தரவும் படித்தவர் ஒருவர் வேண்டும். ஆபீஸ்களில் பணியாற்றும் தமிழ் குமாஸ்தாக்களுக்கு இது அரை மணி வேலை. அந்த அரை மணிதான் ஒரு பையனின் பத்து வருஷத்தைத் தீர்மானிக்கக் கூடும்.

தேர் இழுக்க ஊர் கூட வேண்டும் என்பார்கள். சின்னப்பம்பட்டியில் ரதம் ஓடியது ஒருவர் முன்னே நின்று வடம் பிடித்ததால்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மைதானத்தில் ஆறு பந்தையும் கால் விரல் பக்கம் இறக்கும் பையன் ஒருவன் கண்ணில் பட்டால், கைதட்டிவிட்டுப் போய்விடாமல் அவன் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஜெயப்பிரகாஷ் ஆவதற்குப் பணம் பதவி ஒன்றும் தேவையில்லை.