வெள்ளையா இருந்தா கொக்கா?

மழைக்குப் பிறகு ஆலங்குடிப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலுக்கு வெளியே, கண்மாய்த் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய் நிற்கும். "அது என்னப்பா?" என்று முன் சீட்டுக் குழந்தை கேட்கும். "கொக்கு" என்பார் அப்பா. முடிந்தது பாடம்!

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முப்பது வயது வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் கையிலிருக்கும் செல்போனைத் தூரத்தில் பார்த்தே என்ன மாடல் என்று சொல்லிவிடுகிற நாம், எதிரே நிற்கும் ஐந்து பறவைகளை ஒரே பெயரில் அடைத்துவிடுகிறோம்.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூக்கும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி இருந்தால் சின்னக் கொக்கு. மாட்டுக்குப் பின்னாலேயே நடந்தால் உண்ணிக்கொக்கு. உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளை... அது மடையான். மூக்கை மூடினாலும் நடுவில் சந்து தெரிகிறதா? நத்தைகுத்தி நாரை. அரிவாள் மாதிரி வளைந்திருந்தால், பெயரே அரிவாள்மூக்கன்தான். பறக்கும்போதுகூடப் பிடித்துவிடலாம். கழுத்தை மடக்கிக்கொண்டு போனால் கொக்கு. நீட்டிக்கொண்டு போனால் நாரை. இதற்கு பைனாகுலர்கூட வேண்டாம் சார்!

மடையான், உண்ணிக்கொக்கு... இதெல்லாம் வயல் வரப்பில் நின்றவர்கள் வைத்த பெயர்கள். நாரையைத் தூது அனுப்பிய சத்திமுற்றப் புலவர்கூட கால் நிறம், மூக்கின் வடிவம் என்று அங்க அடையாளம் சொல்லித்தான் அதைக் கூப்பிட்டார். இன்றைய பறவைக் கையேடுகள் செய்வதும் அதைத்தான்!

"பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சோறு போடுமா?" என்கிறீர்களா? நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் 'இதர செலவுகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. திருட்டுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பிரித்து எழுதாத கணக்கில் எது குறைந்தது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. 'கொக்கு' என்பது நம்முடைய இதர செலவுகள்!

கண்மாயைத் தூர் வாருகிறோம். நல்ல காரியம்தான். ஆனால், ஜேசிபியை விட்டு ஓரம்வரை ஒரே ஆழமாகத் தோண்டினால்? முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்குக் கொண்டாட்டம். கணுக்கால் தண்ணீரில் நிற்கும் சின்னக் கொக்குக்கும், சேற்றைக் கிளறும் உள்ளானுக்கும் இடம் போச்சு! அப்புறம் கரையில் நின்று, "அதான் பறவைங்க இருக்கே... என்ன கொறஞ்சுபோச்சு?" என்று கேட்போம்.

உலகம் எப்படிக் கணக்குப் பார்க்கிறது தெரியுமா? 'ராம்சர்' ஈரநிலம் என்று அறிவிப்பதற்கான தகுதிகளில் ஒன்று... ஏதாவது ஒரு நீர்ப்பறவை இனத்தின் தொகையில் 1 சதவிகிதமாவது அங்கே வழக்கமாக வந்து தங்க வேண்டும். இனமே தெரியாதவன் சதவிகிதம் எப்படிப் போடுவான்? தமிழ்நாட்டில் 2025-ல் அந்தப் பட்டியல் 20-ஐத் தொட்டது. வடுவூர் இருக்கிறது, கரைவெட்டி இருக்கிறது. அந்த இருபதில் கண்மாய்களும் குளங்களும் நிறைந்த புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஓர் இடமும் இல்லை. நம்மூர்க் கண்மாய் ஒன்றுக்கு அந்தத் தகுதி உண்டா, இல்லையா? இனம் பிரித்து, வருஷா வருஷம் எண்ணினால்தான் சொல்ல முடியும்.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். பதினைந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, கரும்பைக் கடித்தபடியே கண்மாய்க் கரைக்குப் போங்கள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

"அது என்னப்பா?" என்று கேட்கும். தயவுசெய்து 'கொக்கு' என்று பாடத்தை முடித்துவிடாதீர்கள்.

"எங்கே... அதோட காலைப் பாரு!" என்று ஆரம்பியுங்கள்.