இரண்டாவது தொடுகை

கரப்பந்தாட்டம் 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாயிற்று. எனினும் கல்லூரி மகளிர் அணியைத் தெரிவோர், ஓங்கியடிக்கும் நெடிய பெண்களையே முதலில் நாடுகின்றனர். எஞ்சியவளைப் பந்து எடுத்துக் கொடுக்க நிறுத்துகின்றனர். இது தலைகீழான முறையென்பேன். ஒரு பக்கத்தார்க்கு மூன்றே தொடுகைகள்; நடுவிலுள்ளது பெரும்பாலும் அவளுடையது.

மன்னார்க் கரையில் அது எளிதன்று. சோளகம் வீசுங்கால் உயர எழுந்த பந்து விலகிப்போம். (2020 முதல் இத்தீவிற் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இக்காற்றன்றோ!) ஆகவே அவள் தாழ்வாகவும் விரைவாகவும் விரல்நுனியாற் கொடுத்தல் வேண்டும். பிழையாய் வந்த முதற்பந்தை ஓடிச் சீர்செய்பவளும், எதிரணித் தடுப்புத் தளர்ந்த இடத்தை நோக்குபவளும் அவளே. கைதட்டலோ அடித்தவளுக்கு!

ஆதலின், வரும் பருவத்துக்கு இருவரை இப்பொழுதே தெரிந்து, மாலைக் காற்றிலேயே பழக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். ஒருத்தி களைத்தால் மற்றவள் நிற்பாள்.