ஆபத்துக்கு நம்பர் போடுவது யார்?

2003-ம் வருஷம் ஜனவரி 21-ம் தேதி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் கழிவுத் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது. வீரியம் குறைந்த கழிவுதான் தொட்டியில் இருக்கிறது என்று தொழிலாளர் நம்பினர். ஆனால் ஒரு வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுக் கழிவு அதற்குள் பாய்ந்திருந்தது. எச்சரிக்கை செய்ய அங்கே கருவி இல்லை. ஆறு பேர் வருஷாந்திர வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர்.

ஊழியர் சங்கம் உடனே பாதுகாப்புக் கோரிக்கைகளை வைத்தது. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. பதில் இல்லை. வேலைநிறுத்தம் நடந்தது. கிடைத்தது என்ன? முன்னணி ஊழியர்களுக்கு இடமாற்றம்! நடந்ததை நிர்வாகம் நாட்டுக்கு ஒப்புக்கொண்டதோ ஆகஸ்ட் மாதத்தில்தான்.

இத்தகைய ஆபத்துக்களைத் தரம் பிரிக்க உலக அளவுகோல் ஒன்று 1990 முதல் உண்டு. ஆலையில் நடப்பதற்கு மட்டுமல்ல, கதிர்வீச்சுப் பொருளை லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் கொண்டு போகையில் நடப்பதற்கும் அது பொருந்தும். 1 முதல் 3 வரை சம்பவம். 4 முதல் 7 வரை விபத்து. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சுமார் பத்து மடங்கு கடுமை. வருஷாந்திர வரம்பைப் போல் பத்து மடங்குக்கு மேல் ஒரு தொழிலாளி கதிர்வீச்சு வாங்கினால் அது 3-ம் படி, 'கடுமையான சம்பவம்'. செர்னோபிலும் (1986) புகுஷிமாவும் (2011) 7-ம் படி.

2010-ல் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் தள்ளிய பழைய கருவி, மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அதைப் பிரித்த தொழிலாளிக்கு யாரும் சொல்லவில்லை. ஓர் உயிர் போனது. அதன் பிறகு 4-ம் படி என்று நம்பர் விழுந்தது.

அளவுகோலில் குற்றமில்லை. ஜனங்களுக்கு உண்மையைச் சீக்கிரம் சொல்வதற்காகவே அது பிறந்தது. அதை யார் கையில் வைத்திருப்பது என்பதே கேள்வி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு 2000-ல் ஒழுங்குமுறை வாரியத்திடமிருந்து எடுக்கப்பட்டு, அந்த மையத்திடமே ஒப்படைக்கப்பட்டது. தராசும் சரக்கும் ஒரே கையில் இருந்தால் எடை எப்படி இருக்கும்?

செங்கல்பட்டு ரஸ்தாவில் ஓடும் ஆசிட், காஸ் லாரிகளின் சங்கதியும் இதுவே. சரக்கின் பெயரும், அபாய நம்பரும், அவசர டெலிபோன் நம்பரும் வண்டியில் எழுதியிருக்க வேண்டும். விபத்து நடந்தால் டிரைவர் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று 1989-ம் வருஷ மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. ஆனால் லாரி கவிழ்ந்தால் முதலில் ஓடிவருவது பக்கத்து வயலில் நாற்று நடும் கூலி ஜனங்கள். அந்த நம்பரின் பொருளை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆகவே நாம் கோருவது இது: ஆபத்து நடந்த அன்றே அதன் படி என்ன என்று ஆலை வாசலிலும் பஞ்சாயத்துப் பலகையிலும் தமிழில் எழுத வேண்டும். படி நிர்ணயிக்கும் இடத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதி உட்கார வேண்டும். ஆபத்தை எடுத்துச் சொன்ன தொழிலாளியை இடம் மாற்றக் கூடாது. காண்டிராக்ட் கூலிக்கும் கதிர்வீச்சுக் கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும்.

ஆபத்தைச் சுமப்பவனுக்கு அதன் அளவைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதைச் சங்கமாகத் திரண்டு கேட்போம்!