கடைக்கு வழி தெரியும், கூட்டத்திற்கு?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

எங்கள் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தாலும் மதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். குடியை விட விரும்புகிறவன் எங்கே போவது? அதே நிலையத்தில் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே! நான் கேட்டேன். ஒருவர் கோயிலில் கயிறு கட்டச் சொன்னார். ஒருவர் சோற்றில் கலந்து கொடுக்கும் பொடி விற்கும் இடத்தைக் காட்டினார். (என்னவென்றே தெரியாத பொடியை ஒருவர் அறியாமல் அவர் சோற்றில் கலப்பதற்கு மருத்துவம் என்று பெயரில்லை, வேதியியல் மாணவன் இதையாவது சொல்லியாக வேண்டும்.) இன்னொருவர் சிரித்தார்.

நான் கேட்டது என் தந்தைக்காக. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பவன் நான் ஒருவனே. ஆகையால் தேடும் பொறுப்பும் என் தலையில்.

அவர் கொத்தனார். காலையில் கை நடுங்கி, தூக்குக்குண்டு நூலைப் பிடிக்க முடியாமல், மேஸ்திரி திருப்பி அனுப்பிய அன்றுதான் "விட்டுடணும்பா" என்று முதன்முதலாகச் சொன்னார். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் மருத்துவமனை. பத்து நாள் வைத்திருந்து உடம்பைத் தேற்றி அனுப்பினார்கள். அதற்கு நன்றி. ஆனால் சீட்டில் 'குடிக்கக் கூடாது' என்று எழுதியவர்கள், பதினோராம் நாள் மாலை ஆறு மணிக்கு என்ன செய்வது என்று எழுதவில்லை.

அதைச் சொன்னவர் வாசலில் இருந்த காவலாளி. "ஏ.ஏ. கூட்டம்னு ஒண்ணு நடக்குது தம்பி. நானும் போறேன்" என்றார் தாழ்ந்த குரலில். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது. குடிநோயாளிகள் தம் பெயர் வெளியில் வராமல் கூடி, ஒருவர்க்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. கட்டணமில்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகும் தகுதி.

அவர் தந்த பழைய துண்டுத்தாளில் எங்களுக்கு அண்மையான கூட்டத்தின் விலாசம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போனோம். கதவு பூட்டியிருந்தது. கிழமை மாறி ஆறு மாதமாயிற்றாம். திரும்பும்போது அப்பா எங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த முறை காவலாளியே பேருந்து நிலையத்தில் காத்திருந்து அழைத்துப் போனார். கூட்டம் ஒரு மாதா கோயிலை அடுத்த அறையில். 'மதம் மாத்திடுவாங்களோ' என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும் இருந்தது என்பதை மறைப்பானேன்? அந்த அறை அவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவே. ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. இறைவனைப் பற்றிய பேச்சு வரத்தான் செய்தது. அவரவர் புரிந்துகொண்டபடி என்று விட்டுவிடுகிறார்கள். கடவுள் இல்லை என்னும் கருப்புச்சட்டைப் பெரியவர் ஒருவர்தாம் அங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

அன்று வெளியாரும் அமரக்கூடிய திறந்த கூட்டம். யாரும் உபதேசம் செய்யவில்லை. ஒருவர் தம் மகளின் கொலுசை அடகு வைத்த கதையைச் சொன்னார். அப்பா தலையை நிமிர்த்தினார். எங்கள் வீட்டில் அது அம்மாவின் தோடு. 'வாழ்நாளுக்கும் வேண்டாம், இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இரு' என்பதே அவர்கள் கணக்கு. புறப்படும்போது நாலு பேர் தொலைபேசி எண் எழுதித் தந்தார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதே! கைபேசியில் ஆளுக்கொரு படம் வைத்துக் கொடுத்தேன்.

இந்த இயக்கமே வழி தேடியதில் பிறந்ததுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகர விடுதியொன்றில், குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்த பில் வில்சன், வந்த வியாபாரம் முறிந்து நின்றார். மதுக்கூடம் அழைத்தது. அவரோ விடுதியில் இருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் பேசி, தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் என்று தொடங்கிய பேச்சு ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்டதாம். பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அந்த விடுதியில் ஒரு பட்டியல் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

2020-இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. நோயாளியை முறைப்படி ஏ.ஏ.யில் கொண்டு சேர்க்கும் சிகிச்சை, குடியை அறவே விட்டிருக்கச் செய்வதில், வழக்கமான மனநலச் சிகிச்சைகளைவிட மேம்பட்டிருந்தது. 'போய்ப் பாருங்கள்' என்பது வேறு, கொண்டு சேர்ப்பது வேறு.

கடையையே மூடிவிட்டால் என்ன என்பீர்கள். 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்ட கதையை அரசியல் மேடைக்கு விடுகிறேன். சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ஊர்வலம் போனோம். 'குடி குடியைக் கெடுக்கும்' என்று தொண்டை வறள முழங்கினேன். கடை வாசலில் நின்று பார்த்தவர்களில் என் தந்தையும் ஒருவர். அவருக்கு அது தெரியாத செய்தியா? எங்கள் கை அட்டைகளில் ஒன்றிலாவது கூட்டம் நடக்கும் கிழமையும் இடமும் இருந்திருக்கலாம். மாதம் ஒரு முறை விசாரித்து, மாறியதைத் திருத்தி, மருத்துவமனையிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டுவது பத்து மாணவருக்குப் பெரிய வேலையா? 14446 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணையும் சேர்க்கலாம். ஞாயிறுதோறும் பூட்டிக் கிடக்கும் நம் வகுப்பறைகளில் ஒன்றைக் கொடுத்தால், எங்கள் பக்கத்தார் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதல்வர் அவர்கள் அன்புகூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இதை எழுதலாமா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் குடியாதிருந்த நாற்பத்தோராம் நாள் அது. நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எழுதுப்பா. பேரு மட்டும் போடாத" என்றார். ஆகவேதான் மேலே என் வகுப்பு இருக்கிறது, பெயர் இல்லை.