படேல் பெயரில் ஒரு புருடா

பிரிட்டனில் வாழும் படேல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மூன்று வரியில் சுருக்கிவிடலாம். லண்டன் தொலைபேசிப் புத்தகத்தில் படேல்கள் பக்கம் பக்கமாக வருகிறார்கள், எனவே அவர்கள் ஒரே குலம், ஒரே ரத்தம். வணிகம் அந்த ரத்தத்தில் ஓடுகிறது, எனவே வென்றார்கள். தமிழன் தன் பெயரிலிருந்து சாதி வாலை வெட்டிக்கொண்டான், எனவே பிரிட்டனில் அடையாளம் தெரியாமல் கரைந்துபோனான். நான்கு பக்கத்தில் மூன்று "எனவே". மூன்றும் பொய்க்கால்.

குலத்திலிருந்தே தொடங்குவோம். படேல் என்பது குலப்பெயர் அல்ல, பதவிப் பெயர். ஊர் நிலத்துக்கு வரி பிரித்துச் சர்க்காருக்குக் கட்டுகிற தலைவருக்குக் குஜராத்தில் படேல் என்று பெயர். அதே வேலையைப் பார்த்தவர் மகாராஷ்டிரத்தில் பாட்டீல். நிஜாம் ஆட்சியின் தெலங்கானாவில் போலீஸ் படேல், மாலி படேல் என்று இரண்டு பேர் இருந்தார்கள். கர்நாடக முதல்வராக இருந்த ஜே.எச். படேல் ஒரு லிங்காயத்து. கட்டுரையாளரின் கணக்குப்படி அவரும் அகமதாபாத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். நம்மூரில் மணியக்காரர் என்ற பட்டம் எத்தனை சாதி வீடுகளின் வாசலில் நின்றது என்று தெரிந்தவர்கள், அந்தப் பட்டத்தை வைத்து யாரும் ரத்தப் பரிசோதனை செய்ய மாட்டார்கள்.

குஜராத்துக்குள்ளேயே இந்தப் பெயர் எப்படிப் பரவியது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சபர்மதிக்கும் மாஹிக்கும் இடைப்பட்ட சரோத்தர் வளமான மண், புகையிலை விளையும் மண். அங்கே உழுதவர்கள் கண்பி என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களில் நிலமும் வரி வசூல் உரிமையும் கையில் வைத்திருந்த குடும்பங்கள் பாட்டிதார் ஆயின. நடியாட், வசோ, கரம்சத், தர்மஜ், சோஜித்ரா, பாத்ரன் என்ற ஆறு ஊர்கள் தங்களை எல்லாருக்கும் மேலே வைத்துக்கொண்டன. மற்ற கண்பிகள் அந்த ஆறு ஊர்களின் நடை, உடை, சடங்கு எல்லாவற்றையும் பின்பற்றி மெல்ல மெல்லப் பாட்டிதார் ஆனார்கள், பெயரையும் படேல் என்று வைத்துக்கொண்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாட்டிதார் என்ற பெயருக்கு அரசு ஒப்புதலும் கிடைத்தது. மானிடவியலாளர் டேவிட் போகாக் 1972இல் வெளியிட்ட 'கண்பியும் பாட்டிதாரும்' என்ற நூல் பேசுவது இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். ஏறிப் பிடித்த பெயரை, ஆதியிலிருந்தே ரத்தத்தில் வந்ததாக எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அதே ஆறு ஊர்ப் பாட்டிதார்களில் அமீன் உண்டு, தேசாய் உண்டு. அவையும் வரிப் பட்டங்களே. (1972இல் இவர்களை உகாண்டாவிலிருந்து துரத்தியவரின் பெயரிலும் ஓர் அமீன் இருந்தது. அது அரபியிலிருந்து வந்த வேறு அமீன். கட்டுரையாளரின் முறைப்படி பார்த்தால் இடி அமீன் தன் பங்காளிகளைத் துரத்தியதாக முடியும்.)

இனி, படேல் என்ற பெயரை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். தெற்குக் குஜராத்தின் கோலி மக்களில் ஏராளமானோர் படேல்கள். சரோத்தர்ப் பாட்டிதார் ஒருவர் அவர்களோடு சம்பந்தம் செய்துகொள்வது அபூர்வம். பரூச், சூரத் பகுதிச் சுன்னி வோரா முஸ்லிம்களில் படேல் மிகச் சாதாரணமான பெயர். இந்தியாவுக்காக வேகப்பந்து வீசிய முனாஃப் படேல், பரூச் மாவட்டத்து இக்கர் கிராமத்து முஸ்லிம். 2021இல் மும்பையில் ஒரே இன்னிங்ஸில் இந்தியாவின் பத்து விக்கெட்டையும் எடுத்த நியூசிலாந்து வீரர் அஜாஸ் படேலும் முஸ்லிம். ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து 1981இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தை விட்டு வெளியேறிய நீதிபதி தோராப் படேல், பார்சி. நாங்கள் எல்லாரும் ஒரே ரத்தம் என்று இவர்களை ஒரு வரிசையில் நிற்கவைத்து யாராவது சொல்லிப் பார்க்கட்டும், முதலில் சிரிப்பவர் பாட்டிதாராகத்தான் இருப்பார்.

பிரிட்டனில் இந்தக் கலவை கண்முன்னே தெரியும். பிளாக்பர்ன், போல்ட்டன், பாட்லி, டியூஸ்பரி ஊர்களில் உங்களுக்கு எதிர்ப்படும் படேல் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிறவர். வெம்பிளியிலும் ஹாரோவிலும் எதிர்ப்படுகிறவர் நீஸ்டனில் 1995இல் திறந்த சுவாமிநாராயண் கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம். தொலைபேசிப் புத்தகத்தில் இருவரும் அடுத்தடுத்த வரியில்தான் இருப்பார்கள். கட்டுரையாளர் படித்தது அந்தப் புத்தகத்தை மட்டும்தான் என்பது இங்கேதான் தெரிகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கட்ச் பகுதியின் புஜ் நகரைச் சுற்றிய மாதாப்பர், பல்தியா போன்ற கிராமங்களிலிருந்து கென்யாவுக்குக் கொத்தனார்களாகப் போனவர்கள் லேவா படேல்கள். சாதியால் பழுத்த படேல்கள். ஆனால் ஹிரானி, வேகாரியா, ஹலாய், கேராய், வர்சானி என்றுதான் பெயர் போடுவார்கள். இன்று ஹாரோ வட்டாரத்தில் நெருக்கமாக வாழும் குஜராத்திச் சமூகங்களில் இவர்களும் ஒன்று. பெயரில் படேல் இருந்தும் பாட்டிதார் அல்லாதவர்கள் ஒரு பக்கம், படேலாக இருந்தும் பெயரில் அது இல்லாதவர்கள் இன்னொரு பக்கம். பெயரை எண்ணிச் சாதியை எண்ணியதாக நினைக்கிறவர் இரண்டு பக்கமும் தவறவிடுகிறார். இந்தக் கட்ச்காரர்களின் ஒற்றுமையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, அதற்கு ஒரே வாலும் தேவைப்படவில்லை.

ஒரே பெயர் என்பதால் இவர்கள் "ரத்தத்துக்குள்ளேயே" மணமுடிக்கிறார்கள் என்று நடுவில் ஒரு வரி. அரைகுறை அறிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அது போதும். பாட்டிதார்களிடம் கோள் என்ற திருமண வட்டம் இருக்கிறது. வட்டத்துக்குள் பெண் எடுக்க வேண்டும், ஆனால் சொந்த ஊரில் எடுக்கக் கூடாது. ஒரே ஊர்ப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. இருவருக்கும் படேல் என்றே பெயர் இருந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, எந்த ஊர் என்பதுதான்.

அடுத்தது வணிக ரத்தம். கட்டுரையாளர் இவர்களை ஒரே மூச்சில் ரயில்பாதைக் கூலிகளின் வாரிசு என்றும் பிறவி வணிகர் என்றும் சொல்கிறார், கூடவே பிரிட்டன் முழுக்க மோட்டல் நடத்துவதாகவும் சொல்கிறார். மோட்டல் படேல்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நடுவில் அட்லாண்டிக் என்று ஒரு கடல் இருக்கிறது. ரயில் கதையும் பிசகு. 1896இல் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரிக்கரையைத் தொட்ட உகாண்டா ரயில்பாதைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 32,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். சரோத்தர்க்காரர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போனது பெரும்பாலும் தாங்களாகவே, குமாஸ்தா வேலைக்கும் கடை வேலைக்கும். அவர்களைத் தள்ளியது வணிக ரத்தமல்ல, பஞ்சம். விக்கிரம ஆண்டு 1956இல், அதாவது 1899–1900இல், குஜராத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தைச் சப்பனியோ என்று இன்றும் சொல்கிறார்கள். கூடவே பிளேக். உழவர் வீட்டுப் பிள்ளைகள் கப்பல் ஏறினார்கள். நிலத்தை விட்டு விலகாதவர்கள் 1918இல் கேடாவிலும் 1928இல் பர்தோலியிலும் வரிகொடா இயக்கம் நடத்தினார்கள். வல்லபாய் படேலுக்குப் பெயர் வாங்கித் தந்தது மளிகைக் கடை அல்ல, நிலவரி.

பிரிட்டனுக்கு வந்த பிறகும் முதல் வேலை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இல்லை. லங்காஷயர் நூற்பாலைகளில் வெள்ளையர் விட்டுப்போன இரவு ஷிஃப்டுகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பரூச், சூரத், நவ்சாரிக்காரர்கள் அங்கே போனார்கள். பிரஸ்டனில் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனத்தின் ரெட் ஸ்கார் ஆலையில் 1965இல் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1976இல் லண்டன் வில்ஸ்டனில் கிரன்விக் புகைப்படச் சாலையின் வாசலில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். அவர்களை வழிநடத்திய ஜெயாபென் தேசாய், மேலே சொன்ன ஆறு ஊர்களில் ஒன்றான தர்மஜில் பிறந்தவர். வென்றவர்கள் பற்றி மட்டும் எழுதுகிற கட்டுரையில் தோற்ற வேலைநிறுத்தத்துக்கு இடம் இருக்காதுதான்.

மூலைக்கடை பிறகு வந்தது. ஆப்பிரிக்காவில் பார்த்த வேலைக்கும் வாங்கிய பட்டத்துக்கும் பிரிட்டனில் மதிப்பில்லை. பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்க 1994 வரை சட்டம் குறுக்கே நின்றது. குடும்பமே மாற்றி மாற்றி நின்றால் ஒரு சிறு கடையை விடியலிலிருந்து இரவு வரை திறந்துவைக்கலாம். செய்தித்தாள், பால், சிகரெட். கூலி கொடுக்கத் தேவையில்லாத மனைவியும் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் நின்ற கடைக்கு ரத்தத்தின் புகழ் எதற்கு?

படேல்கள் திட்டமிட்டுச் சில ஊர்களைப் பிடித்தார்கள் என்ற வாதத்தை மட்டும் சற்று நின்று கவனிக்கத்தான் வேண்டும். கட்டுரையாளர் வரைபடத்தைக் காட்டுகிறார், அதை வரைந்தது யார் என்று கேட்கவில்லை. கென்யா 1963இல் விடுதலை பெற்றபோது ஆசியர்களில் பலர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டார்கள். 1967இல் கென்ய அரசு வேலைக்கும் வணிகத்துக்கும் கெடுபிடி கொண்டுவந்ததும் அந்த பாஸ்போர்ட்டோடு புறப்பட்டார்கள். பிரிட்டன் என்ன செய்தது? 1968இல் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றித் தன் குடிமக்களுக்கே கதவைச் சாத்தியது. 1972 ஆகஸ்டில் இடி அமீன் 90 நாள் கெடு வைத்தபோது வேறு வழியில்லாமல் சுமார் 28,000 பேரை ஏற்றது. சஃபோக்கில் ஸ்ட்ராடிஷால், வேல்ஸில் டோன்ஃபனாவ் என்று பழைய ராணுவ முகாம்களில் இறக்கியது. மறுகுடியமர்வு வாரியம் நாட்டைச் சிவப்புப் பகுதி, பச்சைப் பகுதி என்று பிரித்து, ஆசியர்கள் ஏற்கெனவே இருக்கும் சிவப்புக்குப் போகாதீர்கள் என்றது. லெஸ்டர் நகரசபை ஒரு படி மேலே போய், இங்கே வராதீர்கள் என்று 'உகாண்டா ஆர்கஸ்' நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. அந்த விளம்பரத்தால் ஊரின் பெயர் பரவியதுதான் மிச்சம். மக்கள், தங்கள் மொழி பேச ஒரு மாமா வீடும் போகத் தெரிந்த ஒரு வேலையும் இருந்த இடத்துக்குப் போனார்கள், அதில் லெஸ்டரும் ஒன்று. அந்த ஊரின் பெல்கிரேவ் ரோட்டில் இன்று தெரியும் நகைக்கடைகளுக்குப் பின்னால் இருப்பது சூழ்ச்சியுமில்லை, பெயருமில்லை. இதையே படேல் அல்லாத ஷாக்களும் மிஸ்திரிகளும் செய்தார்கள்.

படேல்களின் அரசியல் செல்வாக்குக்குச் சான்றாகக் கட்டுரையாளர் பிரீத்தி படேலைக் காட்டுகிறார். 2010 முதல் அவர் நின்று வெல்லும் விட்டம் தொகுதி எசெக்ஸில் இருக்கிறது, அங்கே வாக்காளர்கள் பெரும்பாலும் வெள்ளையர். படேல் ஓட்டு என்று ஒன்று இருந்தால் அது ஹாரோவிலும் லெஸ்டரிலும் இருக்கும், விட்டத்தில் இருக்காது. பிரபுக்கள் சபைக்கு வருவோம். பிளாக்பர்ன் படேல் பிரபுவாக இருந்தவர் குஜராத்தி முஸ்லிம். பிராட்ஃபோர்டு படேல் பிரபு கென்யாவில் பிறந்தவர். டன்கெல்ட் படேல் பிரபு தான்சானியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் மகப்பேறு மருத்துவராகப் பெயர் வாங்கியவர். இவர்களைக் குழப்பாமல் இருக்கத்தான் ஊர்ப் பெயரையே ஒட்ட வேண்டியிருக்கிறது, கட்டுரையாளரோ மூவரையும் ஒரே ஆளாக்கிவிட்டார்.

எண்ணிக்கை பற்றிய வாதம் மட்டும் பாக்கி. ஒரு பெயர் அதிகமாக இருந்தால் அந்த மக்களிடம் பெயர்கள் குறைவு என்று பொருள், வேறொன்றும் இல்லை. வேல்ஸில் ஜோன்ஸ்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். அப்பா பெயரைச் சொல்லிவந்த வேல்ஷ்காரர்களை இங்கிலாந்து நிர்வாகம் ஒரு நிலையான பெயருக்குள் அடைத்ததால் வந்தது அது. எல்லா ஜோன்ஸும் ஒரு ஜானின் பேரன் என்று எந்த வேல்ஷ்காரரும் சொல்லிக்கொண்டதில்லை. பிரிட்டிஷ் ஆவணங்களில் கவுரும் பேகமும் கடைசிப் பெயர்களாக நிற்பதும் இதே கதைதான்.

தமிழர் கரைந்துபோனார்கள் என்பதும் பெயரை வைத்து ஆளை எண்ணுகிற அதே பிசகு. தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் பிரிட்டனுக்குப் போனவர்களின் கடைசிப் பெயர், அப்பாவின் பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று, அதனால் பட்டியலில் குவியாது. குஜராத்தியும் அப்பா பெயரைப் போடுகிறார், வல்லபாய் ஜவேர்பாய் படேலில் நடுவில் இருப்பது தந்தைதான். நாம் நடுவோடு நிறுத்திக்கொண்டோம், அவ்வளவே. நிறுத்தியதும் தற்செயலாக அல்ல. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டு, மேடையிலேயே சௌந்தரபாண்டியன் தன் நாடார் பட்டத்தைத் துறந்தார். அதைத் தவறு என்று வாதிட விரும்புகிறவர் தாராளமாக வாதிடலாம். ஆனால் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அச்சாகியிருக்கும் பெயரில் எந்த வாலையும் காணோம். நம் பிள்ளைகளின் பெயரில் வாலை ஒட்டச் சொல்வதற்கு முன்னால் தனக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

பெயர் ஒன்றே வாழவைக்கும் என்ற வாதத்துக்குக் குஜராத்திலேயே சோதனை நடந்தது. 2015 ஆகஸ்டில் அகமதாபாத் மைதானத்தில் லட்சக்கணக்கான படேல்கள் திரண்டார்கள். எங்களையும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேருங்கள், படிப்புக்கும் வேலைக்கும் வழியில்லை என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோரின் பெயரில் படேல் இருந்தது.