பாதிக் கடன் தீர்த்தால் பாதி வீடு மீளுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, தாராவியில் வசிக்கும் நண்பர் ஒருவர் மாட்டுங்காவில் உள்ள நம் இல்லத்திற்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் தந்தையார் விட்டுச் சென்ற வீட்டிற்கு அவரும் தமையனாரும் சமபங்குக்காரர்கள்; தாயாரும் தங்கையும் முன்னரே விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தந்துவிட்டனர். மாடி எடுப்பதற்காக இருவரும் கையொப்பமிட்டு, மூலப்பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற்றிருந்தனர். நண்பர் தம் பாதித் தவணையை மாதந்தோறும் கைப்பேசி வழியே தமையனாருக்கு அனுப்பி வந்தார். சில மாதங்களாக அது வங்கியைச் சென்று சேரவில்லை. இப்பொழுது 60 நாள் கெடு விதித்து வங்கியின் அறிவிப்பு வந்துவிட்டது. தம் பாதிக் கடனைத் தீர்த்துத் தம் பாதி வீட்டை மட்டும் மீட்டுக்கொள்ள வழியுண்டா என்பதே அவர் வினா.

இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பங்குக்குரியவர் விகிதப்படி பணம் கட்டித் தம் பங்கை மட்டும் மீட்க, 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 60ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. ஒரே ரசீதில் பதிவான பத்து மூட்டைகளைப் போன்றது அடமானம் என்று, பார்சல் அலுவலக வழக்கத்தில் விளக்கினோம். கடன் பத்திரமோ இருவரையும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாக்கியிருந்தது. வங்கி எவரிடம் வேண்டுமாயினும் முழுத்தொகையும் கேட்கலாம்.

ஆயினும் சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை. பங்குக்காரர் எவரும் முழுக் கடனையும் தாமே தீர்த்து மீட்கலாம். அப்படி மீட்டவர், 92ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவர் நின்ற இடத்தில் தாம் நின்று, மற்றவர் தரவேண்டிய தொகையை அவர் பங்கின்மேல் கோரலாம். முழுதும் மீட்டால்தான் இவ்வுரிமை. பாதியில் நின்றால் இல்லை. அதனால் வீடு முழுதும் அவருடையதாகிவிடும் என்று பலர் எண்ணுவதும் பிழை. தமையனாரின் பங்கு தமையனாருக்கே.

தமையனார் தம் பாதியை அயலாருக்கு விற்றுவிட்டால்? பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் உடன் குடியேறும் உரிமை அந்த அயலாருக்குக் கிடையாது. அவர் பாகம் கோரி வழக்குத் தொடுத்தால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கைத் தமக்கே தரும்படி நண்பர் கேட்கலாம். 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது.

இனிப் பணத்தைக் கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்துமாறும், இதுவரை அனுப்பியவற்றின் வங்கிப் பதிவுகளை எடுத்து வைக்குமாறும் சொன்னோம்.

"அண்ணனிடம் கணக்குக் கேட்பதா?" என்று தயங்கினார். அத்தயக்கம் நமக்கும் விளங்காமலில்லை. தாயாரை உடனிருந்து பார்த்துக்கொள்பவர் அந்த அண்ணன்தான். நாமெல்லாம் ஆண்டுக்கொருமுறை பெட்டியுடன் போய் இறங்குபவர்கள். இருந்தும், ஏலத்தில் வீடு போனபின் அண்ணனும் தம்பியும் எந்தத் திண்ணையில் அமர்ந்து பேசுவது?

மற்றொன்றும் சொன்னோம். கடன் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டுமென ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டிருக்கிறது. இருவர் முன்னிலையிலன்றி அவற்றை ஒப்படைக்க வேண்டாமென இப்பொழுதே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. வீட்டின்மேல் வேறு கடன் ஏறியிருக்கிறதா என்பதைத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையதளத்தில், வில்லங்க விவரத்தின் மூலம் மும்பையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர் சென்ற வாரம் நாகர்கோவில் வண்டியில் ஊர் சென்றார். நிலுவை முழுவதையும் தாமே செலுத்திவிட்டார். கணக்கைச் சீராக்க வங்கி இசைந்தது. தமையனார் தம் பங்கு நிலுவையை ஒப்புக்கொண்டு எழுதித் தந்த தாள் பையில் இருக்கிறதாம். அன்றிரவு அண்ணன் வீட்டிலேயே உணவு என்றும் தொலைபேசியில் சொன்னார்.